தண்டபாணிக்காகச் செய்த பக்கம்

“டீச்சர், நான் இந்தத் தொழிலை விட்டுடறேனுங்க” என்றார் நாச்சிமுத்து.

ஜெசிந்தா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சரிங்கண்ணா” என்றாள்.

இப்படிப் பட்டென்று சரி சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஏன், எதற்கு என்று இரண்டு வார்த்தையாவது கேட்பாள் என்று நினைத்திருந்தார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறவனைக் கையைப் பிடித்து உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டாமா?

யாரும் பிடிக்காததால் அவரே உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. கோயமுத்தூர் சாய்பாபா காலனியில் ஒரு மாடி வீட்டில், இணையப் பக்கங்களை எப்படி வடிவமைப்பது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். மற்ற மாணவர்கள் எல்லாம் கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். அவளை மேடம் என்றார்கள். இவருக்கு மேடம் என்றால் பேங்க் மேனேஜர் ஞாபகம் வந்தது. அதனால் டீச்சர். வந்த புதிதில் வாய் தவறி ‘அம்மிணி’ என்று கூப்பிட்டதும் உண்டு. அவள் அதற்கும் திரும்பிப் பார்த்தாள்.

சொல்லிக்கொடுப்பாள் என்றேனே தவிர, அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. செய்து வந்ததைப் பார்ப்பாள். பிடித்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிடிக்காவிட்டால் லேப்டாப்பை மெதுவாக மூடிக் கையில் கொடுத்துவிடுவாள். அவ்வளவுதான் பாடம்.

நாச்சிமுத்துவின் லேப்டாப்பை அன்றும் மூடிக் கொடுத்திருந்தாள்.

“என்ன தப்புன்னாவது சொல்லுங்க டீச்சர்.”

“நீங்க சொல்லுங்க. என்ன செஞ்சீங்க?”

அவர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

“கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னீங்க. டாக்டரைப் பாக்க நேரம் வாங்கற பக்கம். முதல்ல பட்டனுக்கெல்லாம் நிழல் வெச்சு, தொட்டா அமுங்கற மாதிரி செஞ்சனுங்க. பசங்க பாத்துட்டு, இது எங்கப்பா காலத்துதுன்னு சிரிச்சாங்க. சரின்னு நிழலை எடுத்துட்டுத் தட்டையாச் செஞ்சேன். அதுவும் போயிருச்சாம். இப்பக் கண்ணாடியாட்ட மங்கலா இருக்கோணுமாம், பின்னால இருக்கறது லேசாத் தெரியோணுமாம். அதையும் செஞ்சேன். கருப்புப் பின்னணி, கட்டம் கட்டமாப் பெட்டி, விரலை வெச்சு இழுத்தா ஒவ்வொண்ணா மெதந்து வர்றது, எல்லாம் வெச்சாச்சுங்க. மெனுவைக்கூட மூணு கோட்டுக்குள்ள ஒளிச்சாச்சு. இன்னும் என்னதாங்க வேணும்?”

“யாருக்குங்கண்ணா செஞ்சீங்க?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“கட்டடமா வந்து பாக்கப் போகுது?”

“அங்க வர்றவங்களுக்குங்க.”

“அதுல ஒருத்தர் பேரு சொல்லுங்க.”

நாச்சிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. “ஊருப்பட்ட சனம் வரும். யாரு பேரைன்னு சொல்றதுங்க?”

அவள் டீயைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஒருத்தருக்குன்னு எப்பவாச்சும் ஒரு பக்கம் செஞ்சிருக்கீங்களா?”

 சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒண்ணு செஞ்சிருக்கேன்.”

“காட்டுங்க.”

அந்தப் பக்கம் இப்போது இணையத்தில் இல்லை. அவரிடம் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் வேறு எதை விட்டாலும் அதை விடமாட்டார். புது மெஷினில் முதலில் அந்தப் பழைய ஃபான்டை ஏற்றுவார், பிறகு அந்தப் பக்கத்தை. ஏற்றிவிட்டு ஒரு தடவை திறந்து பார்ப்பார். பார்த்தால் மனசு நிறையும், கூடவே கொஞ்சம் வலிக்கும். எது அதிகம் என்று அவருக்கே தெரியாது.

திறந்தார்.

மஞ்சள் பின்னணி. மேலே ‘உடுமலைச் சேதி’ என்ற தலைப்பு ஒரு ஓரத்தில் புறப்பட்டு மறு ஓரம் வரை ஓடி, மறைந்து, மறுபடி புறப்பட்டது. பக்கத்தில் ஓர் உலக உருண்டை சுற்றியது. மூலையில் தலையில் தொப்பி வைத்த ஒரு குட்டி மனிதன் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே இருந்தான். பணி நடைபெறுகிறது என்று அதற்கு அர்த்தம். அந்தக் காலத்தில் எல்லாப் பக்கத்திலும் அவன் வெட்டினான். எந்தப் பக்கத்திலும் வேலை முடிந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைகளில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள்.

ஜெசிந்தா லேப்டாப்பை மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதுவே அவருக்குத் தெம்பாக இருந்தது.

“உடுமலைப்பேட்டையில பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தோமுங்க. நானும் தண்டபாணியும். ஒட்டுப்பலகை அடிச்சு அறை அறையாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு திரைச்சீலை. ஃபோன் லைன்லதான் இணையம். மோடம் கீச்சு கீச்சுன்னு கத்தி முடிக்கற வரைக்கும் அத்தனை பேரும் பேசாம உக்காந்திருப்பாங்க.”

சொல்லச் சொல்ல அவர் குரல் இளகியது.

“ஒரு படம் வர்றதுன்னா மேலிருந்து கோடு கோடா வருமுங்க. துபாய்ல இருக்கற பையன் ஃபோட்டோ அனுப்பிச்சிருப்பான். அவங்கம்மா முன்னால உக்காந்திருக்கும். முதல்ல தலைமுடி வரும். அப்புறம் நெத்தி. கண்ணு வர்றதுக்குள்ள அந்தம்மா அழுதுரும். எங்களுக்கும் கண்ணு கலங்கிரும். இப்பப் படம் டக்குன்னு வந்துருதுங்க. டக்குன்னு தள்ளிட்டுப் போயர்றோம்.”

அவர் சொன்னது பொய்யில்லை. காத்திருந்து பார்த்த முகம் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்தது. ஆனால் லைன் பாதியில் அறுந்து, நெற்றியோடு நின்றுபோன மகன்களும் உண்டு. அதை அவர் சொல்லவில்லை. பழசைச் சொல்கிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை.

“தண்டபாணி இப்ப எங்கிருக்காருங்கண்ணா?”

“காங்கேயத்துல எண்ணெய் மில்லு வெச்சிருக்கான். பேசறதில்லீங்க.”

“ஏனுங்க?”

“பொய் சொல்லீட்டானுங்க.”

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“மஸ்கட்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல கணக்கு எழுதற வேலை கெடச்சு, போயிட்டான். பஸ் ஸ்டாண்டுல, ஊர் நெனப்பு வந்தா என்னடா பண்றதுன்னு கண்ணு கலங்கிட்டான். ஊரையே கொண்டாந்து உன் முன்னால வெக்கறேன்டான்னு சொன்னேன். அதுக்குத்தானுங்க இந்தப் பக்கம். மழை வந்தா எழுதுவேன். யார் வீட்டுல கண்ணாலம், எந்தக் கடையில சண்டை, எல்லாம் எழுதுவேன். பொழுதன்னிக்கும் புதுசா ஏதாச்சும் இருக்கும். அவன் அங்க காசு குடுத்து உக்காருவானேன்னு, தொறக்க நேரமாகாம இருக்க ஃபோட்டோவே போடமாட்டேன். கீழ பாருங்க, வந்தவங்க எழுதிட்டுப் போறதுக்கு இடம், ஓரமா எத்தனை பேர் வந்தாங்கன்னு ஒரு நம்பர். யார் யாரோ எழுதினாங்க. மெட்ராஸ்ல இருந்து எழுதினாங்க. பாணி மட்டும் ஒரு வரி எழுதலை.”

“வேலை சாஸ்தியா இருந்திருக்கும்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். லீவுல வந்தான். டேய், தெனமும் உன் பக்கத்துக்கு வந்துட்டுதான்டா ரூமுக்குப் போவேன்னு தோள்மேல கை போட்டுச் சொன்னான். எனக்கு உச்சி குளுந்து போச்சுங்க. அப்படியே பேசிக்கிட்டே நடந்தோம். நாங்க படம் பாத்து வளந்த தியேட்டர் இருந்த இடம் வந்துது. வெறும் பொட்டல். அவன் நின்னுட்டான். தியேட்டர் எங்கடாங்கறான்.”

நாச்சிமுத்து லேப்டாப்பைக் காட்டினார்.

“அதை இடிச்சதைப் பத்தி நான் பக்கம் பக்கமா எழுதியிருந்தனுங்க டீச்சர். முதல் செங்கல் விழுந்ததுல இருந்து எழுதியிருந்தேன். எழுதும்போது அழுதேன். தெனமும் வந்தவனுக்கு அது தெரியாதா?”

“கேட்டீங்களா?”

“என்னத்தைக் கேக்கறது. வேலை இருக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். திரும்பிப் போகும்போது வழியனுப்பப் போகலை. போன வருஷம் அவம் பொண்ணு கண்ணாலத்துக்கு வாட்ஸ்அப்புல பத்திரிகை அனுப்பிச்சான். அதுக்கும் போகலை. நம்பரை மட்டும் பேர் போட்டு வெச்சேன்.”

இத்தனை வருஷமும் அவர் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சண்டை போட்டிருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். சண்டையே போடாததால் அது ஆறவும் இல்லை.

ஜெசிந்தா திரையைத் தொட்டாள். தலைப்புக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது.

“இது என்னதுங்கண்ணா?”

“அதுங்களா? அன்னிக்கெல்லாம் தமிழு தானா வராதுங்களே. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஃபான்டு. அந்த ஃபான்டு நம்ம மெஷின்ல இருந்தாத்தான் தமிழாத் தெரியும். இல்லீன்னா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கொட்டிக் கெடக்கும். அதனால மறக்காம மேலயே எழுதி வெச்சிருந்தனுங்க. ‘எழுத்து சரியாகத் தெரியாவிட்டால், இங்கே சொடுக்கி எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்.’ அப்பவே நான் அவ்வளவு முன்யோசனை.”

“தண்டபாணிகிட்ட ஃபான்டு இருந்துதுங்களா?”

“போகும்போதே ஃப்ளாப்பியில போட்டுக் குடுத்தேன். அது அப்ப எல்லாரும் வெச்சிருந்த ஃபான்டுங்க. அவன் போன கையோட புதுசா ஒண்ணு வந்துது. சுழி சுழியா அப்படி ஒரு அழகு. எல்லாரும் அதுக்கு மாறினாங்க. பழசுல விட்டா நம்மளைப் பட்டிக்காட்டான்னு நெனப்பாங்களேன்னு, பக்கத்தை இணையத்துல ஏத்தறதுக்கு முன்னாலயே ராவும் பகலும் உக்காந்து நானும் மொத்தத்தையும் மாத்தினேன்.”

சொல்லிவிட்டு அவர் பெருமையோடு அந்தச் சுழிகளைப் பார்த்தார். இன்றைக்கும் அழகாகத்தான் இருந்தன.

ஜெசிந்தா கையை நீட்டினாள்.

“உங்க ஃபோனைக் குடுங்கண்ணா.”

கொடுத்தார். அவள் ஏதோ இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். திருப்பிக் கொடுத்தாள்.

ஃபோன் முழுக்க அரபி எழுத்து.

“என்னங்க டீச்சர் இது?”

“பழையபடி தமிழுக்கு மாத்துங்க.”

இதென்ன விளையாட்டு என்று நினைத்தாலும், தொழில் தெரிந்தவர் அல்லவா, துணிந்து இறங்கினார். எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. இடது பக்கம் இருந்தவை வலது பக்கம் போயிருந்தன. பல்சக்கரப் படத்தைக் கண்டுபிடித்து உள்ளே போனார். வரி வரியாக ஏதோ எழுதியிருந்தது. ஒன்றைத் தொட்டார். திரை மங்கியது. வேறொன்றைத் தொட்டார். எழுத்தெல்லாம் பெரிதாகிவிட்டது. திரும்பி வரலாம் என்றால் திரும்பும் அம்பு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இன்னொன்றைத் தொட்டதும் ஒரு பெண் குரல் அரபியில் அவரிடம் என்னவோ கேட்டது.

பிள்ளைகள் இந்தத் தடவை சிரித்தே விட்டார்கள்.

அவருக்கு வியர்த்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

“ஆச்சுங்களா?” என்றாள் ஜெசிந்தா.

“மாத்திக் குடுத்துருங்க டீச்சர். எனக்குத் தெரியலீங்க.”

“எப்படி மாத்தறதுன்னு அதுலயே எழுதியிருக்குதுங்களே.”

“எழுதியிருந்தா? படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தானுங்களே அது...”

வாக்கியம் பாதியில் நின்றது.

அவர் ஃபோனிலிருந்து கண்ணை எடுத்தார். மெதுவாகத் தன் லேப்டாப் பக்கம் திரும்பினார். தலைப்புக்குக் கீழே அந்தச் சிவப்பு வரி சுழி சுழியாக அழகாக இருந்தது.



அவர் எழுந்தார். அந்தப் பக்கத்தை ஒரு பென் டிரைவில் எடுத்தார். அந்த ஃபான்டு இல்லாத அவளுடைய லேப்டாப்பில் போட்டார். திறந்தார்.

மஞ்சள் பின்னணி வந்தது. உலக உருண்டை சுற்றியது. தொப்பிக்காரன் வெட்டினான். மற்றதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்தான். மழை, கல்யாணம், சண்டை, தியேட்டர், எல்லாம் குப்பையாகக் குவிந்திருந்தது. அந்தக் குவியலுக்கு மேலே, அதே குப்பையில் ஒரு வரி சிவப்பாக இருந்தது.

நாச்சிமுத்து அதைப் பார்த்தபடி நின்றார். மஸ்கட்டில் ஏதோ ஒரு சென்டரில், காசு கொடுத்து, இந்தக் குப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தண்டபாணியின் முதுகு அவருக்குத் தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. அடக்கவும் தோன்றவில்லை.

“இத்தனை வருசம்” என்றார்.

ஜெசிந்தா அவருடைய கண்ணாஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்து அந்தப் பழைய பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கருப்புப் பின்னணியில் கண்ணாடிப் பெட்டிகள் மிதந்து வந்தன. எல்லாம் இங்கிலீஷ். தமிழிலும் பார்க்கலாம். மூன்று கோட்டைத் தொட வேண்டும், அதற்குள் இங்கிலீஷில் ஒரு வரி, அதைத் தொட்டால் இங்கிலீஷில் இன்னொரு வரி, அதற்குள்ளே போனால் தமிழ் இருந்தது. கண் தெரியாமல் வருகிறவர் அத்தனையையும் தாண்டி வரவேண்டும்.

இரண்டு பக்கத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

“மாத்திடறேனுங்க டீச்சர். இதை மாத்திடறேன். ஆனா முதல்ல ஒரு ஃபோன் பண்ணிக்கறேன்.”

“ஃபோனைத் தமிழுக்கு மாத்திக் குடுக்கட்டுங்களா?”

“வேண்டாமுங்க.”

வெளியே மாடிப்படிக்குப் போனார். அரபி எழுத்துக்கு நடுவே, அவர் சேர்த்து வைத்திருந்த பெயர்கள் மட்டும் தமிழில் இருந்தன. தண்டபாணி என்று இருந்ததைத் தொட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று நினைத்தார். எடுக்காவிட்டாலும் நியாயம்தான் என்று நினைத்தார்.

“ஹலோ, யாருங்க?”

பின்னால் மில் ஓடுகிற சத்தம் கேட்டது.

“நாந்தான்டா. நாச்சிமுத்து.”

 செருப்புச் சத்தம் கேட்டது. மில் சத்தம் குறைந்தது. வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது.

“சொல்லு” என்றார் தண்டபாணி.

“பாணி, மஸ்கட்ல என் பக்கம் உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?”

“எதுக்கு இப்ப அது?”

“சொல்லுடா.”

“ஒரு எழுத்தும் தெரியலைடா. ஏபிசிடியும் கமாவுமா இருந்துது. நீ குடுத்த ஃப்ளாப்பியைப் போட்டுப் பாத்தேன். அப்பவும் அப்படித்தான் இருந்துது. பக்கத்துல இருந்த மலையாளிப் பையனைக் கேட்டேன், அவனுக்கும் தெரியலை.”

“ஏன்டா எங்கிட்டச் சொல்லலை?”

“எப்படிடா சொல்றது. ஆசை ஆசையாச் செஞ்சிருக்கே. எனக்குத்தான் பாக்கத் தெரியலையாட்ட இருக்குதுன்னு இருந்துட்டேன்.”

“தப்பு என்மேலதான்டா பாணி. உம்மேல இல்லை.”

“சரி விடு.”

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா? தெனமும் வந்தேன்னு நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன்.”



“வந்தேன்டா. ஒரு நாள் விடாம வந்தேன்.”

“ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாம எதுக்குடா வந்தே?”

“அடியில ஓரமா ஒரு நம்பர் போட்டிருந்தயே, எத்தனை பேர் வந்தாங்கன்னு. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். நான் தொறந்தா ஒண்ணு ஏறும். காலையில கடை தொறந்ததும் நீ அதைப் பாப்பே, பாணி வந்துட்டுப் போயிருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்டா.”